படகிலே ஒரு வாரம்! பட்டாசு செய்பவருக்கு எப்போது?

தீபாவளி முடிந்ததும் சிவகாசி ஓய்ந்துவிடும்.

பட்டாசு ஆலைகளின் கதவுகள் சாத்தப்படும். விடியற்காலையில் கிராமம் கிராமமாக வந்து ஆட்களை ஏற்றிச் செல்லும் வண்டிகள் வராது. மறுபடியும் பூஜை போட்டு ஆலையைத் திறக்கச் சில வாரங்கள் ஆகும்.

அந்த நாட்களில் வீட்டிலே ஒரு பேச்சு நடக்கும்.

"ஏங்க, ரெண்டு பேருக்கும் லீவுதானே? பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு எங்கேயாவது போயிட்டு வருவோமா?"

"லீவு இருக்கு. காசு எங்கே இருக்கு?"

அத்துடன் பேச்சு முடிந்துவிடும்.

காசு இல்லாத லீவு ஒரு லீவா? வேலை இல்லாத நாள் வேறு, விடுமுறை நாள் வேறு. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள, ஐரோப்பாவில் ஓடும் ஒரு படகைப் பார்த்தால் போதும்.

மிதக்கும் மாளிகை

பிரான்சு நாட்டின் தெற்கே ஒரு கால்வாய் இருக்கிறது. அதன் பெயர் மிடி கால்வாய். நீளம் 240 கிலோ மீட்டர். ஏறக்குறைய விருதுநகரிலிருந்து சென்னைக்குப் போகும் வழியில் பாதி தூரம்!

இந்தக் கால்வாயில் பணக்காரர்கள் ஒரு வாரம் படகிலே தங்கி உல்லாசப் பிரயாணம் செய்கிறார்கள். படகுக்குள்ளேயே படுக்கை அறை உண்டு; குளியல் அறை உண்டு; சாப்பாட்டுக் கூடம் உண்டு. சமையற்காரர் சுடச் சுடச் சமைத்துப் போடுவார். ஒரு படகில் பத்துப் பேர் அளவில்தான் ஏற்றுவார்கள். அவர்களைக் கவனிக்க நாலைந்து ஊழியர்கள்!

வேகம்? மணிக்கு 8 கிலோ மீட்டருக்கு மேல் போகக் கூடாது. சைக்கிளில் போகும் சிறுவன் படகை முந்திவிடுவான். அந்த மெதுவான ஓட்டந்தான் இந்தப் பிரயாணத்தின் சுகம். இரு கரையிலும் திராட்சைத் தோட்டம், சிறு ஊர், பழைய மாதாகோவில். எல்லாம் மெல்ல மெல்ல நகரும். பார்ப்பவருக்குச் செய்ய வேண்டிய வேலை ஒன்றும் இல்லை.

மேடான இடம் வந்தால் படகு எப்படி ஏறும்? அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். கண்மாய் மடையில் இருப்பதுபோலக் கால்வாயின் குறுக்கே முன்னும் பின்னும் கதவுகள். நடுவிலே தொட்டி. படகு தொட்டிக்குள் நுழைந்ததும் பின்கதவை மூடுவார்கள். மேலே இருந்து தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். தொட்டி நிறைய நிறையப் படகும் உயரும். மேல் மட்டத்துக்கு வந்ததும் முன்கதவு திறக்கும். படகு போய்விடும். பெசியே என்ற ஊரில் இப்படிப்பட்ட தொட்டிகள் படிக்கட்டுப்போல வரிசையாக இருக்கின்றன. அங்கே படகு 21 மீட்டர் உயரம் ஏறுகிறது!

இவ்வளவு சுகத்துக்குக் கட்டணம் எவ்வளவு? ஒரு வாரத்துக்கு, ஓர் ஆளுக்கு, நம் பணத்தில் லட்சக்கணக்கில் ஆகும்.

"அம்மாடி!" என்று வாயைப் பிளக்க வேண்டாம். அந்தக் கால்வாயின் கதை இனிமேல்தான் இருக்கிறது.

மழைக்கும் சம்பளம்!

அந்தக் கால்வாய் உல்லாசத்துக்காக வெட்டியது அல்ல. வியாபாரத்துக்காக வெட்டியது.

பியேர் போல் ரிக்கே என்று ஒருவர். உப்பு வரி வசூலித்துப் பணக்காரர் ஆனவர். "கால்வாய் வெட்டினால் கோதுமையும் ஒயினும் கடல்வரை படகிலே போகும்" என்பது அவருடைய யோசனை. மன்னர் 14ஆம் லூயி 1666இல் அனுமதி கொடுத்தார். ரிக்கே தமது சொத்தையும் இந்த வேலையில் கொட்டினார். கடனாளியும் ஆனார். 1680இல் இறந்துபோனார். கால்வாய் திறந்தது 1681இல்! தமது கால்வாயில் முழுப் பயணம் போகும் பாக்கியம் அவருக்குக் கிடைக்கவில்லை.

வேலை உச்சத்தில் இருந்தபோது 12 ஆயிரம் பேர் மண் வெட்டினார்கள், மண் சுமந்தார்கள். அவர்களில் பெண்களும் உண்டு.

ரிக்கே ஒரு காரியம் செய்தார். அந்தக் காலத்தில் யாரும் செய்யாத காரியம். ஆட்களுக்கு மாதச் சம்பளம் என்று வைத்தார். மழை பெய்து வேலை நின்றாலும் சம்பளத்தைப் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கும் திருநாளுக்கும் சம்பளம் உண்டு. நோயில் படுத்தாலும் உண்டு.

ரிக்கே தருமப் பிரபு என்று எண்ணிவிட வேண்டாம். அவர் வியாபாரி. ஆட்களை நன்றாக வைத்துக்கொண்டால் அறுவடைக் காலத்தில் வேலையை விட்டு ஓடமாட்டார்கள் என்று கணக்குப் போட்டார். கணக்கு சரியாகவே இருந்தது. கால்வாய் முடிந்தது. இன்றும் இருக்கிறது. உலகப் பாரம்பரியச் சின்னம் என்று 1996இல் யுனெஸ்கோ அதை ஏற்றுக்கொண்டது.

மழை நாளுக்குச் சம்பளம்! இது நடந்து 300 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. சிவகாசித் தொழிலாளி இதை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

உழைத்த படகு

பின்னால் ரயில் வந்தது; லாரி வந்தது. சரக்குகள் அவற்றிலே போயின. படகுக்கு வேலை குறைந்தது.

அந்தப் பழைய படகிலே வாழ்ந்தவர்கள் யார்? படகோட்டியின் குடும்பம். கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லாரும் ஒரு சின்ன அறையில் முடங்கிக் கிடப்பார்கள். மற்ற இடம் முழுவதும் சரக்கு. குதிரை கரையிலே நடந்து படகை இழுக்கும். குதிரை வைக்க முடியாத ஏழை வீட்டில் மனிதரே கயிற்றைத் தோளில் போட்டு இழுப்பார்கள். ஊர் ஊராகப் போகும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஏது?

பழைய சரக்குப் படகுகள் பலவற்றைத்தான் பின்னால் உல்லாசப் படகாக மாற்றினார்கள். நிலக்கரி மூட்டையும் தானிய மூட்டையும் கிடந்த இடத்தில் இன்று மெத்தை போட்டிருக்கிறது!

படகு உழைத்தது. இப்போது உல்லாசம் தருகிறது. நல்லதுதான். ஆனால் படகை இழுத்தவரின் பேரப்பிள்ளைக்கு அந்த உல்லாசம் கிடைத்ததா?

படுக்கை அறையும் சமையற்காரரும் கிடைக்கவில்லை. அதைவிடப் பெரியது ஒன்று கிடைத்தது.

1936இல் வந்த சட்டம்

1936ஆம் ஆண்டு ஜூன் மாதம். பிரான்சில் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். லெயோன் புளும் அப்போதுதான் பிரதமராகியிருந்தார். அவருடைய அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டு வந்தது. "ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஆண்டுக்கு 2 வாரம் சம்பளத்துடன் லீவு" என்பது சட்டம்.

லீவு கொடுத்தால் போதுமா? ஊருக்குப் போகக் காசு வேண்டாமா? லெயோ லக்ராஞ்சு என்ற இளம் அமைச்சர் அதையும் யோசித்தார். லீவில் போகும் தொழிலாளிக்கு ரயில் கட்டணத்தில் 100க்கு 40 குறைக்க ஏற்பாடு செய்தார்.

அந்தக் கோடையில் லட்சக்கணக்கான குடும்பங்கள் புறப்பட்டன. பிறந்தது முதல் ஆலைப் புகையையே கண்டவர்கள் முதல் முதலாகக் கடலைக் கண்டார்கள். சிலர் ரயிலில் போனார்கள். சிலர் இருவர் மிதிக்கும் சைக்கிளில் போனார்கள். கூடாரம் அடித்துத் தங்கினார்கள்.

"இப்படி லீவு கொடுத்தால் தொழில் படுத்துவிடும்" என்று சொன்னவர்கள் அங்கேயும் உண்டு. தொழில் படுக்கவில்லை. 2 வாரம் 1956இல் 3 வாரம் ஆயிற்று. 1969இல் 4 வாரம். 1982இல் 5 வாரம்!

அந்த நாட்டு விடுமுறையின் உயிர் இந்தச் சட்டத்தில் இருக்கிறது. படகு வெறும் அலங்காரம்.

சிவகாசிக் கணக்கு

இனி நம் ஊருக்கு வருவோம்.

விருதுநகர் மாவட்டம் வானம் பார்த்த பூமி. விவசாயம் கைகொடுக்காத இடத்தில் தொழில் கைகொடுத்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று சிவகாசி வளர்ந்தது. மழை குறைவு, வெயில் அதிகம். பட்டாசைக் காயவைக்க அதுவே வசதியாகிவிட்டது. ஊருக்குக் குறையாக இருந்தது தொழிலுக்கு நிறையாயிற்று.

காசி முதல் கன்னியாகுமரி வரை தீபாவளி இரவில் குழந்தைகள் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பைச் செய்து அனுப்புவது சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கைகள்.

அந்தக் கைகளுக்குக் கூலி எப்படி? பல வேலைகளுக்கு எண்ணிக்கைக் கணக்குத்தான். காகிதக் குழாய் உருட்டினால் இத்தனைக்கு இவ்வளவு. லேபிள் ஒட்டினால் இத்தனைக்கு இவ்வளவு. கை ஓடினால் காசு வரும். கை நின்றால் காசும் நிற்கும்.

மழை வந்தால்? பட்டாசு காயாது. வேலை இல்லை, கூலியும் இல்லை.

வீட்டில் சாவு, கலியாணம் என்றால்? கூலி இல்லை.

தீபாவளிக்குப் பின் ஆலை மூடினால்? பலருக்கு அப்போதும் கூலி இல்லை. ஆலை திறந்ததும் கழித்துக்கொள்ளச் சொல்லி முன்பணம் வாங்குகிறவர்களும் உண்டு. போனஸ் வந்த பணம் பழைய கடனுக்குப் போய்விடும்.

2018ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கலாம். பேரியம் கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு தடை விதித்தது. அந்தத் தீபாவளிக்குப் பிறகு ஆலைகள் மாதக் கணக்கில் மூடிக் கிடந்தன. தொழிலாளிகள் அத்தனை நாளும் வீட்டில் இருந்தார்கள். அதை விடுமுறை என்று யாராவது சொல்வார்களா? அடுப்பைப் பார்த்துப் பார்த்துக் கவலைப்பட்ட நாட்கள் அவை.

மனிதன் சும்மா இருப்பது ஓய்வு ஆகாது. கவலை இல்லாமல் சும்மா இருப்பதுதான் ஓய்வு. அந்தக் கவலையைப் போக்கும் மருந்து லீவுச் சம்பளம் ஒன்றே.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் இதற்குச் சட்டமே இல்லையா? இருக்கிறது. வெகு காலமாக இருக்கிறது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்குச் சம்பள லீவு உண்டு என்றது. 20 நாள் வேலைக்கு 1 நாள் லீவு என்பது கணக்கு. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்தது. அதிலே 240 நாள் என்பது 180 நாள் என்று குறைந்திருக்கிறது. 20க்கு 1 என்ற கணக்கு அப்படியே இருக்கிறது.

தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டம் வேறு ஒன்று உண்டு. குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி ஆகிய 4 நாளும், பண்டிகைக்காக 5 நாளும் சம்பளத்துடன் விடுமுறை என்று அது சொல்கிறது.

சட்டம் இருந்தும் வீட்டுக்கு வந்து சேராதது ஏன்?

முதல் காரணம், பதிவேடு. வேலைக்கு வந்த நாளெல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் 180 நாளைக் காட்ட முடியாது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண்களின் நாட்களை எந்தப் பதிவேடும் எண்ணுவதில்லை.

இரண்டாவது காரணம், அறியாமை. "எண்ணிக்கைக் கூலிக்கு லீவுச் சம்பளம் கிடையாது" என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. எண்ணிக்கைக் கூலி வாங்குகிறவரும் தொழிலாளிதான். அவருக்கும் லீவு உண்டு.

முறையாக நடத்தும் முதலாளிகளும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் நடக்கலாமே!

ரூபாய்க்கு 5 காசு

"தொழிலே தள்ளாடுகிறது. கோர்ட்டு வழக்கு ஒரு பக்கம், மூலப்பொருள் விலை ஒரு பக்கம். லீவுச் சம்பளத்துக்கு எங்கே போவது?" என்று சிறு முதலாளி கேட்கலாம்.

நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 நாளைக்கு 1 நாள் என்றால் 20 ரூபாய்க்கு 1 ரூபாய். அதாவது ரூபாய்க்கு 5 காசு. கூலி 1 ரூபாய் என்றால் லீவுக்கு 5 காசு எடுத்து வைக்க வேண்டும். அவ்வளவுதான்! மாதா மாதம் தனியாக எடுத்து வைத்தால், தீபாவளிக்குப் பின் ஆலை மூடும் நாளில் அந்தப் பணம் தயாராக இருக்கும். எப்படியும் மூடப்போகும் நாட்கள்தானே? அதையே சம்பள லீவாக்கினால் உற்பத்திக்கு ஒரு நாள்கூட நஷ்டம் இல்லை.

இன்னும் ஒன்று. பட்டாசு மருந்தைத் தொடும் கை சோர்ந்திருக்கக் கூடாது. கவனம் சிதறக் கூடாது. நன்றாக ஓய்ந்து திரும்பிய கை நிதானமான கை. நிதானம் குறைந்தால் என்ன ஆகும் என்பது சிவகாசிக்குச் சொல்லித் தெரிய வேண்டியது இல்லை.

பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளருக்கு என்றே தமிழ்நாட்டில் தனி நல வாரியம் இருக்கிறது. விபத்துக்கும் படிப்புக்கும் உதவுவதோடு, ஆண்டுக்கு ஒரு முறை குடும்பத்தோடு பிரயாணம் போகவும் வாரியம் உதவலாம். 1936இல் பிரான்சு செய்ததை இன்று நாம் செய்ய முடியாதா?

நமக்கும் படகு உண்டு

"சரி, லீவும் சம்பளமும் கிடைத்துவிட்டது. எங்கே போவது?" என்று அந்த வீட்டுக்காரர் கேட்பார்.

விருதுநகர்ச் சீமையில் பிரயாணம் என்றால் இருக்கன்குடி, திருச்செந்தூர், குற்றாலம். நல்ல இடங்கள்தான். ஒரு முறை படகிலும் போய்ப் பார்க்கலாம். அதற்குப் பிரான்சுக்குப் போக வேண்டியது இல்லை.

சென்னையிலிருந்து கொல்லம் போகும் ரயில் விருதுநகர், சிவகாசி, ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாகத்தான் போகிறது. மலையைக் குடைந்த குகைகளையும் 13 கண் பாலத்தையும் பிள்ளைகள் ஜன்னலில் பார்க்கலாம். கொல்லத்திலிருந்து ஆலப்புழைக்கு ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு.

ஆலப்புழையிலும் மிதக்கும் வீடுகள் இருக்கின்றன. கெட்டுவள்ளம் என்று பெயர். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் கட்டிச் செய்த படகு. முன்பு நெல் மூட்டை சுமந்தது. சாலை வந்ததும் அதற்கும் வேலை போயிற்று. 1990களில் அதை உல்லாசப் படகாக மாற்றினார்கள். ஐரோப்பியப் படகின் கதையேதான்! அதில் ஓர் இரவு தங்க ஆயிரக்கணக்கில் ஆகும்.

ஆனால் அதே தண்ணீரில் கேரள அரசாங்கத்தின் சாதாரணப் படகும் ஓடுகிறது. ஆலப்புழையிலிருந்து கோட்டயம் வரை போகலாம். ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். கட்டணம் சில பத்து ரூபாய்தான்! பள்ளிப் பிள்ளைகளும் கூடை சுமந்த பெண்களும் ஏறி இறங்குவார்கள். கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கும் வயல், வரப்போரத்து வீடு, வாத்துக் கூட்டம், தென்னை வரிசை. லட்சம் கொடுத்தவர் அங்கே காணும் மெதுவான சுகம் இங்கே பத்து ரூபாய் நோட்டுகளுக்குக் கிடைக்கிறது. தண்ணீர் எல்லாருக்கும் பொது.

தமிழ்நாட்டிலும் அப்படி ஒரு நீர்வழி இருந்தது. அதுதான் பக்கிங்காம் கால்வாய். 1806இல் தொடங்கி, பகுதி பகுதியாக நீட்டினார்கள். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்கள் சென்னை நகருக்குள் அதை வெட்டினார்கள். உப்பும் விறகும் அதில் போயின. பாரதிதாசன் நண்பர்களோடு அதிலே படகில் மாமல்லபுரம் போய், அதைப் பாட்டாகவும் பாடினார். இன்று சென்னை நகருக்குள் அது சாக்கடை. பஞ்சத்தில் வாடியவர்கள் வெட்டித் தந்த சொத்தைக் காப்பாற்றி, அரசாங்கம் சாதாரணப் படகு விட்டால், தமிழ்க் குடும்பங்கள் தமிழ்நாட்டிலேயே தண்ணீரில் போய் வரலாம்.

கேட்டால்தான் கிடைக்கும்

படகு இரண்டாவது காரியம். சம்பள லீவு முதல் காரியம்.

தொழிலாளி தன் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எத்தனை நாள் வேலை செய்தோம் என்று வீட்டுக் காலண்டரில் குறித்து வைக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டிலே இருக்கிறார்கள். அவர்களே குறித்துக் கொடுப்பார்கள். தொழிற்சங்கம் கணக்குக் கேட்க வேண்டும். முதலாளி ரூபாய்க்கு 5 காசு எடுத்து வைக்க வேண்டும். அதிகாரி பதிவேட்டைத் திறந்து பார்க்க வேண்டும்.

இத்தனையும் நடந்தால், ஒரு தீபாவளிக்குப் பிறகு அந்த வீட்டிலே பேச்சு மாறும்.

"ஏங்க, லீவுதானே? எங்கேயாவது போவோமா?"

"போவோம். ரயிலுக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

ஊரார் வீட்டுப் பிள்ளைகளுக்கு எல்லாம் வாணவேடிக்கை செய்து அனுப்பும் அந்தத் தாயும் தகப்பனும், தங்கள் பிள்ளைகளோடு ஒரு நாள் படகிலே உட்கார்ந்து தண்ணீரைப் பார்க்கட்டும். அது அவர்கள் உழைத்துச் சம்பாதித்த நாள்.